குழாயின் கடைசி இருபது அடி

வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் வந்ததும் குடிநீர்க் குடத்தைக் குழாயடியில் வைக்க மாட்டோம். முதலில் வருவதை வாசல் கழுவவும் பக்கெட்டில் பிடித்துக் கக்கூஸுக்கும் விட்டுவிடுவோம். அப்புறம் கொஞ்ச நேரம் அடி பம்பை அடித்து, கையில் ஏந்தி முகர்ந்து பார்த்து, நிறமும் வாடையும் போன பிறகுதான் குடிக்கிற குடம் வெளியே வரும். "முதத் தண்ணிய வுட்டுடு" என்பது இங்கே பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுக்கப்படும் பாடம்.

அந்த முதல் தண்ணீர் ஏன் அப்படி வருகிறது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். நான் பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுக்கிறவள். தண்ணீரைப் பற்றி வகுப்பில் சொல்வதற்கும் வீட்டுக் குழாயில் பார்ப்பதற்கும் உள்ள தூரம் பல வருடங்களாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வரும் தண்ணீர் புறப்படும் இடத்தில் நல்ல தண்ணீர்தான். புழல் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 30 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. கீழ்ப்பாக்கத்தில் 27 கோடி லிட்டர். காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய மீஞ்சூர் கடல்நீர் ஆலையின் திறன் 10 கோடி லிட்டர். ஏரித் தண்ணீரில் படிகாரம் கலந்து, கலங்கல் திரண்டு அடியில் தங்க விட்டு, மணலில் வடிகட்டி, குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள். இதில் ஒளிமறைவு ஒன்றுமில்லை, உலகம் முழுக்க ஏறத்தாழ இப்படித்தான் செய்கிறார்கள்.

சொல்லப்போனால் இந்த ஊரின் குழாய்த் தண்ணீர்க் கதையே வடசென்னையில் தொடங்கியதுதான். 1772-இல் கேப்டன் பேக்கர் என்பவர் போட்ட திட்டப்படி, இப்போது ஏழுகிணறு என்று நாம் சொல்கிற இடத்தில் கிணறுகள் வெட்டிக் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். நூறு வருடம் கழித்து, 1872-இல், செங்குன்றத்து ஏரியிலிருந்து கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குத் தண்ணீர் வந்தது. அதை வடிகட்டாமலேயே குடித்தார்கள். மணல் வடிகட்டி வந்தது 1914-இல். சென்னைக் குடிநீர் வாரியம் 1978-இல் உருவானது. 1996-இல் ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா நதித் தண்ணீர் பூண்டி ஏரிக்கு வந்து சேர்ந்தது. இந்த இருநூற்றைம்பது வருடங்களில் எங்கிருந்து தண்ணீர் கொண்டுவருவது, எவ்வளவு கொண்டுவருவது என்பதற்கு மெனக்கெட்ட அளவுக்கு, அது வீட்டு வாசலை எப்படி வந்தடைகிறது என்பதற்கு யாரும் மெனக்கெடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தண்ணீர் எங்களுக்கு நாள் முழுக்க வருவதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில மணி நேரம். வால்வை மூடியதும் குழாயில் இருக்கும் அழுத்தம் இறங்கிவிடும். குழாய்க்குள் அழுத்தம் இருக்கிற வரைக்கும் ஓட்டை இருந்தாலும் தண்ணீர் உள்ளிருந்து வெளியேதான் கசியும். தண்ணீர் வீணாகும், ஆனால் கெடாது. அழுத்தம் போய்விட்டால் கதை தலைகீழ். வெளியே மண்ணில் ஊறி நிற்கும் தண்ணீர் அதே ஓட்டை வழியாக உள்ளே வரும். வடசென்னை கடலை ஒட்டிய தாழ்வான நிலம், கொஞ்சம் தோண்டினாலே ஈரம். அந்த ஈரத்தில் பக்கத்துப் பாதாளச் சாக்கடையின் கசிவும் சேர்ந்திருக்கும்.

இதற்கு மேல் அடி பம்பு வேறு. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் நிலத்தடி நீர் எடுக்கும் பம்பு என்று நினைப்பார்கள். எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் நிற்கும் அடி பம்பெல்லாம் மெட்ரோ வாட்டர் லைனில், அதாவது குடிநீர் வாரியத்தின் குழாயில், பொருத்தியவை. தானாக மேலேறி வர அழுத்தம் போதாததால் அடித்து இழுக்கிறோம். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்தால் காற்றும் சேர்ந்து வருமே, அப்படித்தான் இதுவும். காற்றுக்குப் பதில் இங்கே சேர்ந்து வருவது சாக்கடை. சில வீடுகளில் லைனிலேயே நேராக மோட்டார் போட்டுவிடுகிறார்கள். வாரியம் அதை அனுமதிப்பதில்லை, ஆனாலும் நடக்கிறது. மோட்டார் இழுக்கிற இழுப்பில் பக்கத்து வீட்டுப் பம்பு வெறும் காற்றை அடிக்கும், மண்ணுக்குள் இருப்பதும் இன்னும் வேகமாகக் குழாய்க்குள் வரும்.

போன மழைக்காலத்துக்கு அப்புறம் எங்கள் வாசலில் தோண்டினார்கள். தண்ணீர் கறுப்பாக வருகிறது என்று நாங்கள் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து சொன்ன புகாருக்காக வந்த ஆட்கள். முதலில் மெயின் லைனைத் திறந்து பார்த்தார்கள். அதில் வந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அங்கிருந்து எங்கள் வீட்டுக்குப் பிரியும் இணைப்புக் குழாயின் மேல் மண்ணை வாரி எடுக்க எடுக்க, குழியில் கறுப்பாகத் தண்ணீர் ஊறிக்கொண்டே வந்தது. வாளியால் இறைத்துக் கொட்டினார்கள், மறுபடி ஊறியது. குழாய் அந்தத் தண்ணீரில்தான் முழுகிக் கிடந்தது. முக்கால் அங்குல ஜி.ஐ. பைப், துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். வெளியே துரு செதில் செதிலாக உரிந்து நின்றது. ஓர் ஆள் அதைத் துணியால் துடைத்துவிட்டுக் கட்டை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. அதற்கு ஒரு சாண் தள்ளி, வீட்டுக் கழிவுநீர் போகும் பழைய பீங்கான் குழாய். அதன் இணைப்பில் பூசியிருந்த சிமெண்ட் எப்போதோ உதிர்ந்துபோய், மெல்ல வழிந்துகொண்டிருந்தது.

"பாத்தியாம்மா, மெயின்ல ஒண்ணும் இல்ல. உங்க வூட்டு லைன்தான் பூட்ச்சி" என்றார் அவர்.

"மாத்திடலாமா அண்ணே?"

"மாத்தலாம். அதுக்கு ஓனர் எழுதிக் குடுக்கணும், ரோடு கட் பண்ண பணம் கட்டணும். இப்பிக்கி ஓட்ட மேல க்ளாம்ப் போட்டு இறுக்கி வுடுறேன்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். இடுப்பளவு சாக்கடையில் நின்று வேலை செய்தவர். ஆனால் அவர் போகிற போக்கில் சொன்ன அந்த ஒரு வரியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. தெருவின் மெயின் குழாய் வாரியத்துடையது. அதற்கு மேலிருக்கும் சாலை மாநகராட்சியுடையது. மெயினிலிருந்து வீட்டுக்கு வரும் இருபது அடிக் குழாயை மாற்ற வேண்டியவர் வீட்டுச் சொந்தக்காரர். அதில் தண்ணீர் பிடித்துக் குடிப்பவர் வாடகைக்காரர். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் சொந்தக்காரர் வேறு ஏரியாவில் குடியிருக்கிறார். வாடகைக்கு இருப்பவர் பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருந்துகொண்டு, தெருவைத் தோண்டிப் புதுக் குழாய் போடுவாரா? போட மாட்டார், கேன் வாங்குவார். ஒரே வாசலில் ஐந்து குடித்தனம் இருக்கும் ஸ்டோர் வீடுகளில் யார் காசு போடுவது என்ற பேச்சே சண்டையில் முடிகிறது. புழலிலிருந்து இத்தனை கிலோமீட்டர் பத்திரமாக வந்த தண்ணீர், பொறுப்பேற்க ஆளில்லாத கடைசி இருபது அடியில் கெடுகிறது.

குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் இடையே மூன்று மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் பொறியியல் கையேடு சொல்கிறது. மூன்று மீட்டர் என்றால் பத்து அடி. எங்கள் தெருவின் அகலமே அதற்கு மேல் கொஞ்சம்தான். அந்த அகலத்துக்குள் குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால், மின்சார கேபிள் எல்லாம் போக வேண்டும். இடைவெளி விட முடியாத இடத்தில் கழிவுநீர்க் குழாயை அரை மீட்டராவது கீழே இறக்க வேண்டும் என்பதும் அதே கையேட்டில் இருக்கிறது. அதையாவது செய்யலாம். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போக, குழாய்கள் இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டன. யாரும் பார்க்காத ஆழத்துக்கு.

சரி, தண்ணீர் கெட்டிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாடையும் நிறமும் கடைசியில்தான் தெரியும். அதற்கு முன்பே சொல்லிக் கொடுப்பது குளோரின்.

பலர் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கிறது என்று முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்த வாடை லேசாக வந்தால் நிம்மதியாக இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 சொல்வது இது: நுகர்வோரின் குழாயில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மீதமிருக்க வேண்டும், 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. சாக்கடையில் அம்மோனியாவும் மட்கும் கழிவும் நிறைய இருக்கும். குளோரின் அவற்றோடு வினைபுரிந்து தீர்ந்துபோய்விடும். மெயினில் குளோரின் இருந்து உங்கள் வீட்டுக் குழாயில் இல்லையென்றால், வழியில் எதுவோ அதைத் தின்றுவிட்டது என்று அர்த்தம்.

இதைப் பார்க்க லேப் தேவையில்லை. குளோரின் பார்க்கும் கிட் கடையில் கிடைக்கிறது. சிறு குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து போட்டால், குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் வரும். பழைய வகை மருந்தில் மஞ்சள். நிறம் எவ்வளவு அழுத்தமோ குளோரின் அவ்வளவு. மலக்கிருமிக்கு ஹைட்ரஜன் சல்பைடு குப்பி என்று ஒன்று உண்டு. தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, மூடி, வீட்டுக்குள்ளேயே ஓரிரு நாள் வைத்துவிட வேண்டும். கிருமி இருந்தால் கறுத்துவிடும். இந்தியாவில் உருவான, விலை குறைந்த முறை இது.

க்ளாம்ப் போடுவதற்கு முன்பு எங்கள் குழாயில் வந்த முதல் தண்ணீரையும், நன்றாக அடித்த பிறகு வந்த தண்ணீரையும் தனித்தனியாகப் பிடித்து வைத்திருந்தேன். முதல் தண்ணீரில் ரோஸ் நிறம் துளிகூட வரவில்லை. அதன் குப்பி மறுநாள் காலையில் மை ஊற்றியது போலக் கறுத்திருந்தது. இரண்டாவதில் வெளிறிய ரோஸ் வந்தது, குப்பியும் கறுக்கவில்லை. கறுக்கவில்லை என்பதற்காகக் காய்ச்சாமல் குடிக்கலாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இந்தக் குப்பி பாக்டீரியாவுக்கானது, வைரஸைக் காட்டாது.

வைரஸ் என்று சொன்னதும் டெல்லி நினைவுக்கு வருகிறது. 1955 கடைசியில் யமுனையின் தண்ணீர் எடுக்கும் இடத்தில் கழிவுநீர் கலந்தது. சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரினைக் கூட்டினார்கள். டைபாய்டு பரவவில்லை. ஆனால் சில வாரங்களில் ஏறக்குறைய 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அது ஹெபடைட்டிஸ் ஈ என்ற வைரஸால் வந்தது என்று பல வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். கர்ப்பிணிகளுக்கு உயிருக்கே உலை வைக்கக்கூடியது அது.

"சில வாரங்களில்" என்பதைக் கவனியுங்கள். பேதியென்றால் ஓரிரு நாளில் பிடித்துக்கொள்ளும், நேற்றுக் குடித்த தண்ணீர் மேல் சந்தேகம் வரும். டைபாய்டு வெளியே தெரிய ஒன்றிலிருந்து மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். காமாலை தெரிய ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். அதற்குள் தண்ணீர் தெளிந்திருக்கும், எல்லோரும் மறந்திருப்பார்கள். பிள்ளைக்குக் கண் மஞ்சளானால் பானிபூரிக்காரரைத் திட்டிவிட்டு, கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். குழாய் தப்பித்துவிடும். எங்கள் பகுதியில் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனை இருப்பது எல்லோருக்கும் தெரியும். காலரா என்பது பழைய காலத்துச் சங்கதி என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓ139 என்ற புதுவகைக் காலராக் கிருமி உலகில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1992-இல், இந்த மெட்ராஸில்.

எதிர் வீட்டு ஆயா ஒரு நாள் கேட்டார்கள். "நாப்பது வருசமா இந்தத் தண்ணிதான் குடிக்கிறோம், எங்களுக்கு இன்னா ஆயிடுச்சி?" கேட்க வேண்டிய கேள்விதான். சின்ன வயதிலேயே சில கிருமிகளோடு மோதிப் பழகிய உடம்பு பெரியவர்களுடையது. போன மாதம் பிறந்த குழந்தைக்கு அந்தப் பழக்கம் இல்லை. சர்க்கரை வியாதிக்காரருக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும் தாங்கும் சக்தி குறைவு. ஆயாவிடம் இதைத்தான் சொன்னேன். பேத்திக்குக் காய்ச்சித்தான் தருகிறேன் என்றார்கள். நல்லது.

காய்ச்சுவதைப் பற்றிக் கொஞ்சம். தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் போதும், கிருமிகள் செத்துவிடும். வைரஸும் சேர்த்துத்தான். மூடிவைத்து ஆறவிட வேண்டும், வேறு குடத்தில் ஊற்றி அதில் கையை விட்டால் காய்ச்சியது வீண். ஆனால் காய்ச்சினால் போகாதவையும் உண்டு. உப்பு போகாது. நைட்ரேட் போகாது. எண்ணெய் போகாது. இவையெல்லாம் எங்கள் போர்வெல்களில் இருக்கக்கூடியவை. சாக்கடை மண்ணில் ஊறி நாளாக ஆக அதன் அம்மோனியா நைட்ரேட்டாக மாறும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போனால் புட்டிப்பால் குடிக்கும் குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல் நீர் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்துவிட்டது. 2013-இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடி எண்ணெய்க் குழாய் கசிந்து, வீட்டு போர்வெல்லில் எண்ணெய் வந்தது. ஆகவே குழாய்த் தண்ணீர் சரியில்லை, போர்வெல்லைக் குடிப்போம் என்று இங்கே யாரும் போக முடியாது. இங்கே குடிக்கத்தக்க ஒரே பொதுத் தண்ணீர் அந்த மெட்ரோ வாட்டர்தான். அது கெட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

கேன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. வாங்க முடிந்தவர்கள் வாங்குகிறோம். வசதி இன்னும் கொஞ்சம் இருந்தால், கரைந்த உப்பை நீக்கும் ஆர்.ஓ. மெஷின். ஏரித் தண்ணீர் வரும் வீட்டில் ஆர்.ஓ. பெரும்பாலும் தேவையே இல்லை. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவிட்டது, அவ்வளவு தண்ணீரை அது கழித்துக் கொட்டுகிறது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. கேனுக்கு மாறிய வீடு அதற்கப்புறம் குழாயைப் பற்றிப் புகார் செய்வதில்லை. தெருவில் சத்தம் போடக்கூடியவர்கள், அலுவலகத்துக்குப் போய்ப் பேசத் தெரிந்தவர்கள்தான் முதலில் கேனுக்கு மாறுகிறார்கள். மிச்சமிருப்பவர்கள் மீன் கூடை தூக்குகிறவர்களும் கட்டட வேலைக்குப் போகிறவர்களும். தண்ணீர் வரும் நேரத்தில் வீட்டில் இருந்தால் கூலி போய்விடும். அவர்கள் எப்போது புகார் செய்வார்கள்?

வடசென்னைக்கு எத்தனையோ வந்து சேர்கிறது. நகரத்தின் குப்பை கொடுங்கையூருக்கு வருகிறது, மற்ற பகுதிகளின் கழிவுநீரும் வருகிறது. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டப்படுகிறது. நல்லதும் நடந்திருக்கிறது. கொடுங்கையூரில் கழிவுநீரை மீண்டும் சுத்திகரித்து மணலி, எண்ணூர் ஆலைகளுக்குக் கொடுக்கும் நிலையம் 2019-இல் வந்தது, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறன். அந்த அளவுக்கு ஆலைகள் நல்ல தண்ணீரை விட்டுக்கொடுக்க முடியும். கழிவுநீரை ஆலை குடிக்கும் தரத்துக்குக் கொண்டுவரத் தெரிந்த ஊருக்கு, ஒரு தெருவின் முக்கால் அங்குலக் குழாய்களை மாற்றத் தெரியாமலா போகும்?

24 மணி நேரமும் குழாயில் அழுத்தம் இருந்தால் இந்தச் சாக்கடை பெரும்பாலும் உள்ளே வரவே முடியாது. ஒடிசாவின் பூரி நகரத்தில் 2021-இல் அதைச் செய்து, குழாயிலிருந்து நேரே குடிக்கலாம் என்று அறிவித்தார்கள். சென்னையின் அளவுக்கு அது உடனே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மெயின் குழாய் மாற்றுகிற போதே வீட்டு இணைப்புகளையும் பொதுச் செலவில் சேர்த்து மாற்றலாம். துருப்பிடிக்காத குழாயாக, கழிவுநீர்ப் பக்கம் போகாமல், மேலே தூக்கி. சொந்தக்காரர் கையெழுத்துக்காகக் காத்திருக்காமல், குடியிருப்பவர் கேட்டாலே செய்யலாம். குளோரினை நீரேற்று நிலையத்தில் மட்டும் பார்க்காமல் தெருவின் கடைசி வீட்டுக் குழாயிலும் பார்த்து, எவ்வளவு இருந்தது என்று தெருமுனையில் எழுதிப் போடலாம்.

எங்கள் தெருவில் இரு பக்கத்து வீடுகளும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்திருக்கிறோம். மழைக்காலத்தில் சாலை வெட்ட விடமாட்டார்கள் என்பதால் பொங்கல் வரைக்கும் எதுவும் நகராது. அதுவரை க்ளாம்ப் தாங்க வேண்டும். ஆகவே இதைப் படிக்கும் பக்கத்துத் தெருக்காரர்களுக்குச் சொல்கிறேன்: வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் காய்ச்சிக் குடியுங்கள், கேன் வாங்கினாலும் வாய் கொப்பளிக்கிற, காய்கறி கழுவுகிற தண்ணீர் குழாயில்தான் வருகிறது என்பதை மறக்காதீர்கள். நிறமோ வாடையோ மாறினால் குடிநீர் வாரியத்தின் 1916-க்குப் போன் போட்டுப் புகார் எண்ணை வாங்கிக் குறித்து வையுங்கள். ஒரு வீடாகச் சொல்லாமல் நாலு வீடாகச் சொல்லுங்கள், கேன் வாங்கும் வீட்டையும் சேர்த்துக்கொண்டு. குளோரின் பார்க்க வேண்டுமென்றால் கிட் என்னிடம் இருக்கிறது. தண்ணீர் வருகிற நேரத்தில் கூப்பிட்டால் வருகிறேன்.